பூஜையில் உட்கார்ந்த பழைய டேப்

நாசரேத்து கிளாடிஸ் தூத்துக்குடி ஹார்பர் பக்கத்து கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். 1978-ல் அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது, பயப்படாமல் அதன் கிட்டே போனது அவள் ஒருத்திதான். மேனேஜர் ஆறுமுகநயினார் அதை அவள் பொறுப்பில் விட்டார், மிரட்டலோடு: "ஒரு நாள் மெஷின் படுத்தாலும் நீ பழையபடி டைப் அடிக்கப் போயிருவே, சொல்லிட்டேன்."

மெஷினை எழுப்புவது கெர்னல் என்கிற அடிப்படை நிரல். காகித டேப்பில் துளைத் துளையாக இருக்கும். அதற்குப் புது மூலநிரல் வந்தால், கிளாடிஸ் முதலில் அதை மெஷின் பாஷைக்கு மாற்றித்தரும் புது அசெம்பிளரைக் கட்டுவாள். அதைக் கொண்டுதான் புது கெர்னலைக் கட்டுவாள். அது ஓடும்வரை பழைய டேப்பை விடமாட்டாள். "புதுத் தயிர் உறையுமுன்னே உறைமோரைக் கொட்டுவாங்களா?" என்பாள். நியாயமான பேச்சு. காசிலிங்கத்தின் காதில் ஏறினால்தானே!

கூட வேலைபார்த்த இந்தக் காசிலிங்கம் அவசரக்குடுக்கை. ஆயுதபூஜையன்று அவள் சாப்பிடப் போன நேரத்தில், புது மூலநிரல் முழுசாகப் புரியாத பழைய அசெம்பிளரிலேயே புது கெர்னலைக் கட்டி ஏற்றிவிட்டான். பழைய டேப்புக்குச் சந்தனம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தான். கற்பூரம் காட்டியதும், எல்லார் முன்னாலும் ஸ்விட்சைப் போட்டான். மெஷின் அசையவில்லை.

ஹார்பருக்கு ஏது லீவு? அன்று சாயங்காலக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் ஆர்டரை அதில்தான் அடிக்கவேண்டும். ஓடிவந்த கிளாடிஸ் பழைய டேப்பைக் கேட்டாள்.

"பூஜையில வச்சத நாளைக்குத்தான எடுக்கணும்!" காசிலிங்கத்துக்கு அழுகை முட்டியது.

சாமி முன்னால் வைத்ததை வேதக்காரப் பெண், ஒரு கிறிஸ்தவள், தானே எடுத்தால் ஊர் வம்பு. கிளாடிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வேலை போச்சு என்றே நினைத்தாள்.

மேனேஜர் படத்தின் முன் விழுந்து கும்பிட்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, பிள்ளை படிக்கத்தான் கேக்குது," என்று டேப்பை எடுத்து நீட்டினார்.

டேப்பின் தலைப்பில் ஒரு முழம் துளையில்லாத வெறும் காகிதம் விடுவது கிளாடிஸின் பழக்கம். சந்தனம் அதில்தான் பட்டிருந்தது. தட்டிவிட்டு மாட்டினாள். மெஷின் கடகடவென்று பேச ஆரம்பித்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அப்பாடா, என்ன நிம்மதி!

ஆர்டர் போன பிறகு புது அசெம்பிளரைக் கட்டினாள், பிறகு புது கெர்னலை. அது பிசகில்லாமல் எழுந்தது. காசிலிங்கம் பழைய டேப்பைத் திரும்பப் பூஜைக்குக் கொண்டுபோகப் போனான்.

"ஏலே, நில்லு," என்றார் மேனேஜர். "அது எங்கன இருக்கணும்னு இனி அந்தப் பிள்ளைதான் சொல்லணும்."