அத்தைக்காக வாசித்த பாடம்

நான்காம் வகுப்பில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதிலும் தடுக்காமல் வாசிக்க வந்தது லுக் என்ற சொல் ஒன்றுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்த என் அத்தை அதற்கு வால்கள் உண்டென்பாள். அட் சேர்ந்தால் ஒன்றைப் பார்ப்பது, ஃபார் சேர்ந்தால் தேடுவது, ஆஃப்டர் சேர்ந்தால் கவனித்துக்கொள்வது. எனக்கு வாலில்லாத லுக்கே போதுமாயிருந்தது.

அந்த மாசியில் அத்தையைப் பெண் பார்க்க மணியாச்சியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. எங்கள் வீட்டு வழக்கப்படி பெண் தலைநிமிரக் கூடாது. பெரியத்தை மாப்பிள்ளையின் கால் பெருவிரலை மட்டும் பார்த்துத்தான் கழுத்தை நீட்டினாளாம். சின்னவளுக்கு அது ஒத்துவரவில்லை. அவர்கள் வருமுன் என்னைப் பருத்திக் குவியலுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"மொகத்தப் பாக்காம நான் தலையாட்ட மாட்டேன். ஏட்டி, நீ புஸ்தகத்தோட அங்கன உக்காரு. அவரு வேற பக்கம் திரும்புத நேரம் லுக்குன்னு சத்தமா வாசி. நான் நிமிந்து பாத்துக்கிடுதேன்."

மாப்பிள்ளை காப்பித் தம்ளரைத் தூக்கினார். "லுக்" என்றேன். அத்தை நிமிர்வதற்குள் தம்ளர் இறங்கிவிட்டது. சேவு எடுக்கக் குனிந்தார். "லுக், லுக்." அத்தையின் பார்வை அவர் சட்டைப் பை வரை ஏறியது, அதற்குள் அவரும் நிமிர்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார், தலை கவிழ்ந்திருந்த அத்தையைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"பிள்ள நல்லா வாசிக்கா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அவளுக்குப் படிப்புன்னா உசுரு" என்றார் அப்பா, என் மதிப்பெண்களை மறந்து.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கழுத்தை முழுக்கத் திருப்பிப் பக்கத்துச் சுவரைப் பார்க்கத் தொடங்கினார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். குருட்டு அதிர்ஷ்டம் என்று நான் பக்கம் முழுவதையும் லுக்காகவே வாசித்துத் தள்ளினேன். அத்தை ஆற அமரப் பார்த்து முடித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்கள் பஸ் ஏறுமுன்பே அத்தை சம்மதம் சொல்லிவிட்டாள். கல்யாணத்தையே நான் நடத்திவைத்ததாகப் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷத்திலும் ஒரே ஒரு குறை இருந்தது. பெண்ணை எதிரே வைத்துக்கொண்டு, ஒரு காலண்டர்கூட இல்லாத வெள்ளைச் சுவரை யாராவது அவ்வளவு நேரம் பார்ப்பார்களா? மாமா நல்லவர்தான், ஆனால் கொஞ்சம் அசடு என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.