இடி இடித்ததும் காணாமல் போன டி டிரைவ்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். கோபத்தைவிட வேகமாக வருவது ஆர்வம். புதிதாக ஒரு சாமானைக் கையில் கொடுத்தால் அதைக் குடைந்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த ஆனி மாதத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தின.

அப்போது நானும் அம்மாவும் எம். புதுப்பட்டியில் இருந்தோம். அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னப் போவாள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலை கற்றுக்கொண்டு, அங்கேயே கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டேன். விருதுநகரில் ஒரு கடையில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்தேன். பட்டாசு லேபிள், காலண்டர் எல்லாம் இனி சொந்தமாகச் செய்து கொடுப்பதாகத் திட்டம். அம்மாவுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாரு புள்ள. ஒண்ணும் ஆகலைன்னா பேசாம எங்கூடக் கம்பெனிக்கு வந்துரணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஆடிப் பதினெட்டு அன்றைக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். ஓர் அச்சக முதலாளி என்னை நம்பி, ஓர் ஆல்பத்துக்கு வேண்டிய அத்தனை டிசைனையும் என்னிடமே கொடுத்திருந்தார். அதுதான் என் முதல் ஆர்டர். அது கைவிட்டுப் போனால் மறுநாளே நானும் தூக்குவாளியோடு கம்பெனி வேன் ஏற வேண்டியதுதான். எனக்கு அந்த வேனைப் பார்த்தாலே பிடிக்காது.

டிசைன்களை எல்லாம் முடித்து டி டிரைவில் வைத்திருந்தேன். முதலாளி கேட்ட சின்னச் சின்னத் திருத்தங்கள் மட்டும் பாக்கி. அங்கேதான் லேப்டாப் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அதை முன்பு வைத்திருந்த மகராசன் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்திருந்தான். விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் புறாக்கூண்டு, டி டிரைவ் கல்யாண மண்டபம். பெரிய படம் ஒன்றைத் திறந்தால் போதும், சி-யில் இடமில்லை என்று எல்லாம் அப்படியே நின்றுவிடும். டிசைன் சாஃப்ட்வேரிலேயே ஒரு செட்டிங்கை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது என் புத்தி போன வழி வேறு. டி-யில் கொஞ்சத்தை வெட்டி சி-யோடு சேர்த்துவிடலாம் என்று, அதற்கான சாஃப்ட்வேர் சிடி ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தேன்.

அந்தச் சாஃப்ட்வேரைத் திறந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு டிரைவும் இரண்டு கட்டங்களாகத் தெரிந்தன. நடுவில் இருக்கும் கோட்டை மவுஸால் பிடித்து இழுத்தால் போதும், சி பெரிதாகும், டி சுருங்கும். இழுத்தேன். லேப்டாப் ஒருமுறை அணைந்து எழுந்து, டி-யில் இருந்ததை எல்லாம் கொஞ்சம் தள்ளி நகர்த்தத் தொடங்கியது. பாதியில் நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் ஏன் நிறுத்தப்போகிறேன்? கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை போய்விட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

அப்போது வெம்பக்கோட்டைப் பக்கம் லேசாக ஓர் இடி உறுமியது.

எங்கள் பக்கத்தில் வானம் உறுமினால் பட்டாசுக் கம்பெனியில் வேலையைப் போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அதிலேயே ஊறிப்போன அம்மாவுக்கு வீட்டிலும் அதே பழக்கம். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை. அன்றும் வேலைக்குப் போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக்காலோடு ஓடிப்போய் மெயினை டப்பென்று இறக்கிவிட்டாள். அந்த லேப்டாப்பில் பேட்டரி என்றைக்கோ செத்துப்போயிருந்தது. திரை கறுத்துப்போனது.

நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

"எதுக்கு இந்தக் கத்து கத்துற? கரண்டுதான, இடி நின்னதும் போட்டுக்கிட்டாப் போச்சு" என்றாள் அம்மா.

"போச்சு. எல்லாமே போச்சு! இனி ஒங்கூடச் சரம் பின்ன வாரேன், சந்தோசமா இரு" என்று நான் கத்தினேன். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. நான் ஒரு வார்த்தைகூடக் குறைக்கவில்லை.

கரண்ட் வந்ததும் விண்டோஸ் எழுந்தது. டி டிரைவும் பெயரளவில் இருந்தது. அதைத் திறந்தால், இந்த டிரைவ் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று கேட்டது, ஏதோ காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதுபோல. வேண்டாம் என்று அழுத்திவிட்டு அணைத்தேன்.

மறுநாள் காலை லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்து விருதுநகருக்குப் போனேன். அதை விற்ற கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"டி போயிருச்சும்மா. ஃபார்மேட் போட்டுத் தாரேன், புதுசா ஆரம்பிச்சுக்கங்க" என்றார்.

புதுசாகவா! அவர் கை மவுஸுக்குப் போவதற்குள் லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் தேடித் தேடிப் படித்தேன். எங்கேயோ வெளிநாட்டில் ஒருவனுக்கும் இதேபோல் பாதியில் கரண்ட் போயிருக்கிறது. அவனுக்கு யாரோ பதில் எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஃபைல்கள் அழியவில்லை. அவை புது இடத்துக்கு நகர்ந்து முடிந்திருக்கலாம். டிரைவ் எங்கே ஆரம்பிக்கிறது என்று டிஸ்க்கின் தலைப்பில் எழுதியிருக்கும் விலாசம் மட்டும் பழையதாகவே நின்றிருக்கும். வீடு மாறியாகிவிட்டது, தபால்காரர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால், புது விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

"இருக்கு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்துச் சீட்டில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார். அங்கேயே ஓர் இலவச சாஃப்ட்வேரை இறக்கி, சிடியில் எழுதி வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். பஸ் அன்று ஆமையாக நகர்ந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா இருக்கிறாள். காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவள் பாதியிலேயே திரும்பி வந்திருந்தாள். சீசனில் காய்ச்சலோடுகூட லீவு போடாதவள். நான் ஒன்றும் கேட்கவில்லை, முந்தின நாள் கோபம் இன்னும் ஆறவில்லை. லேப்டாப்பைச் சிடியிலிருந்தே எழுப்பித் தேடவிட்டேன். அம்மா சுவிட்ச் போர்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், சுவரோரமாக உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தேடலில் பழைய டி-தான் வந்தது, உள்ளே குப்பை. இன்னும் ஆழமாகத் தேடு என்று ஒரு வழி இருந்தது, அதைக் கொடுத்தேன். எண்கள் ஊர்ந்தன. திடீரென்று புதிதாக ஒரு வரி விழுந்தது. நான் கோட்டை இழுத்துவிட்ட அதே இடத்தில் ஆரம்பிக்கும் ஒரு டிரைவ்! அதைத் திறந்தேன். வரிசையாக ஃபைல் பெயர்கள். முருகன், லட்சுமி, ரோஜாப்பூ, பாப்பா படம், அத்தனையும்! புது விலாசத்தை எழுதச் சொல்லி எண்டரைத் தட்டி, டி விட்டுக்கொடுத்த இடத்தை சி-யோடு சேர்த்துவிட்டு, விண்டோஸுக்குள் போய் லட்சுமியைத் திறந்தேன். திரை முழுக்கத் தாமரையும் தங்கக் காசுமாக வந்து நின்றாள். நான் எழுந்து குதித்த குதியில் நாற்காலி மல்லாக்க விழுந்தது.

"வந்துருச்சா? எல்லாம் வந்துருச்சா?"

"எல்லாம் வந்துருச்சும்மா! திருத்தத்த முடிச்சு நாளைக்கே குடுத்துருவேன்!"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

"காலையில கம்பெனியில ஒனக்கு ஒரு எடம் கேக்கலாம்னு ஃபோர்மேன்கிட்டப் போனேன் தாயி" என்றாள். "நான்தான கெடுத்தேன், நான்தான வழி பண்ணணும்னு போனேன். அவுக என்ன வேணும்னு கேட்டாக. இவள இங்கன கொண்டாந்து உக்கார வைக்கணுமான்னு தோணுச்சு. கேக்க வாயே வரல. வயித்துவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."