இரண்டு விரல் துணி

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு பிளவுஸ் தைக்கும் கடை. கோட்டுக்குப் பொத்தான் வைக்க வந்த நான் ஒரு போருக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எனக்கு முன்னால் ஒரு பிரெஞ்சு இளைஞன், பக்கத்தில் காதலி. நாளை ஒரு பழைய கோட்டையில் நடக்கும் ஐரோப்பிய இடைக்காலத்தை நடித்துக் காட்டும் விழாவில் அவன் போர்வீரன். அதற்காகத் தையல்கார அம்மா முழுக்கக் கையால் தைத்துக் கொடுத்திருக்கும் லினன் அங்கி. தையலை உள்பக்கம் புரட்டிப் பார்த்துத்தான் வாசலில் விடுவார்களாம். அவனும் புரட்டிப் பார்க்கிறான், முகம் சுளிக்கிறான். இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருக்கிறது.

"என்னக்கா சொல்றார்?" என்று தையல்கார அம்மாவைக் கேட்கிறேன்.

"அந்தக் காலத்தில துணி நெருப்பு விலையாம் தம்பி. ஒருத்தரும் இப்பிடி மிச்சம் விடாயினமாம், வெட்டச் சொல்லுறார். முப்பது வருசமா பிளவுஸ் தைக்கிறன், பிறகு பெருப்பிக்கத் துணி விடாமல் ஒண்டும் தைச்சதில்லை."

கத்தரிக்கோலை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிறார்.

"வாற மாசம் இவைக்குக் கலியாணம். அந்தக் காலத்து ஆம்பிளையள் கலியாணம் கட்டின பிறகு உடம்பு வைக்கிறேல்லையாமோ?"

அதையே பிரெஞ்சில் அவனிடமும் கேட்கிறார். காதலி வெடித்துச் சிரிக்கிறாள். போர்வீரன் மெதுவாக வயிற்றை எக்கிக்கொண்டு, அங்கியை மடித்துப் பைக்குள் வைக்கிறான்.