தரைக்கு இரண்டு விரல் மேலே

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சவரி அண்ணன் எங்கள் பவுனுக்குக் குளம்பு சீவ வருவதாக இருந்தது. பவுனு எங்கள் வெள்ளைக் குதிரை. கல்யாணங்களுக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற குதிரை. நான் அதன் நாலு காலையும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொட்டகையில் மணலைச் சமன்செய்து வைத்துவிட்டுத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு மணிக்கு வருகிறவர் எட்டாகியும் வரவில்லை. போன் வந்தது. அவர் நம்பர்தான். "இன்னாண்ணே, இவ்ளோ லேட்டு" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவர் மகள் ஸ்டெல்லா பேசினாள். "அத்த, அப்பா பூட்டாரு" என்றாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோவில் ஏற்றுவதற்குள் போய்விட்டாராம்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. என் கண் நேராகப் பவுனின் முன்னங்காலுக்குத்தான் போனது. இனிமேல் இதற்கு யார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருத்தர் செத்த சேதி கேட்டதும் நினைக்கிற நினைப்பா இது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு ஒருநாள் இதை ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், அதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள் என்றாள். நான் அஞ்சாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவரை விசைப்படகு எஞ்சின் மெக்கானிக் சவரியாகத் தெரியும். காசிமேட்டில் அவர் கை படாத எஞ்சின் கிடையாது என்பார்கள். அவர் அப்பாவிடம் முன்பு இரண்டு குதிரை இருந்ததும், அந்தப் பழக்கத்தில் அவர் குளம்பு பார்ப்பதும் குதிரை வைத்திருக்கிற எங்களைப்போல நாலைந்து குடும்பத்துக்குத்தான் தெரியும். நான் அவரிடம் போனதும் வேறு வழி இல்லாமல்தான்.

தை மாதம் பவுனு படுத்துவிட்டது. எழுப்பி நிறுத்தினால் முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டிவிட்டு, உடம்பு பாரத்தைப் பின்னால் தள்ளிச் சாய்ந்து நின்றது. ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன் என்றது. மாட்டு டாக்டர் ஊசி போட்டார். லேமினைட்டிஸ் என்றார். குளம்புக்குள் எலும்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிற சதை வீங்கி, பிடி விட்டுப்போகிற வியாதி. பிடி முழுக்க விட்டால் எலும்பு கீழே இறங்கி அடிப்பாதத்தைக் குத்தும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மருந்து நான் தருகிறேன், குளம்பைச் சரியாகச் சீவுகிற ஆளைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சவரி அண்ணன் அன்று சாயங்காலமே மொபெட்டில் வந்தார். உடம்பெல்லாம் டீசல் வாடை. குதிரையைத் தொடவே இல்லை. தள்ளி நின்று, அது நிற்கிற விதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். என்ன தின்னக் கொடுத்தாய் என்று கேட்டார். புல்லும் கொஞ்சம் தவிடும்தான் என்றேன். டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன். அவர் ஒரு குச்சியை எடுத்துச் சாணத்தைக் கிளறினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ புல்லு போட்டா இது சோளம் போடுது. இன்னா குதிரைமா இது?"

என் வீட்டுக்காரர் முருகன் பக்கத்திலேயே நின்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. எண்ணூர் ரோட்டோரம் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் மக்காச்சோளம் சிந்திக் கிடக்கும். நாங்கள் நாலு பொம்பளைகள் துடைப்பமும் கோணியும் எடுத்துக்கொண்டு போய்ப் பெருக்கி வருவோம். மற்றவர்கள் கோழிக்குப் போடுவார்கள். நான் பவுனுக்குப் போட்டேன். கல்யாண சீசன், நல்லாத் தின்று பளபளவென்று இருக்கட்டும் என்று ஆசை. அது விரும்பித் தின்றதைப் பார்த்து ஒரு வாரம் தினமும் போட்டேன். அந்தச் சோளம்தான் காலில் இறங்கியது.

அவர் என்னைத் திட்டவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு, அதை என் கையில் கொடுத்தார். "நீயே சொல்லு. நான் சொன்னா அது கோள் சொல்றதா ஆவும்" என்றார். சொன்னேன். அதைக் கேட்டபிறகு டாக்டர் மருந்தை மாற்றினார். டாக்டர் முதலில் கேட்டபோதே சொல்லியிருந்தால் இவ்வளவு போயிருக்காதோ என்று இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

மறுநாள் காலை அவர் மொபெட்டின் பின்னால் மீன்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்தார். ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி. உடைந்தது, கழித்துப் போட்டது. அதைக் குளம்பு அளவுக்கு வெட்டி, முன்னங்கால் இரண்டுக்கும் அடியில் வைத்து, அகல டேப்பால் சுற்றி ஒட்டினார். பவுனு ஏறி நின்றதும் தெர்மாகோல் அமுங்கிப் பாதத்துக்கு ஏற்றமாதிரி படிந்துகொண்டது. அதுவரை மூக்கு விடைக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்த குதிரை, கொஞ்ச நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டது. வலி குறைந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் தெருவில் உள்ள பூனையெல்லாம் மீன் வாடைக்குக் கொட்டகையில் வந்து உட்கார்ந்துகொண்டன. குதிரை நிற்க, சுற்றிலும் ஏழெட்டுப் பூனை. "உன் வூட்ல மாப்ள ஊர்வலம் பூனைங்களுக்குத்தான்மா" என்றார். நாலைந்து நாளாகச் சோறு இறங்காமல் கிடந்த நான் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அவர் குளம்பு சீவுவதைப் பார்த்தால் முதலில் எரிச்சல் வரும். குதிங்காலைக் கொஞ்சம் இறக்குவார், முனையை முன்பக்கமிருந்து அரத்தால் கொஞ்சம் தேய்த்துப் பின்னால் கொண்டுவருவார். அவ்வளவுதான். அடிப்பாதத்தில் கத்தியே வைக்க மாட்டார். உள்ளே எலும்புக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது அந்தத் தோல் ஒன்றுதான், அதைச் சுரண்டினால் பவுனு எதன்மேல் நிற்பாள் என்று கேட்பார். பத்து இழுப்பு இழுப்பார், காலைக் கீழே விட்டுவிடுவார். ஒரு காலைத் தூக்கினால் வலி முழுக்க இன்னொரு காலில் ஏறும், அதற்கு ஓய்வு கொடுக்கவேண்டும். மறுபடி தூக்கிப் பத்து இழுப்பு. முழுசாக முடிய இரண்டு மணி நேரம் ஆகும். முருகன் ஒருநாள் பொறுக்கமுடியாமல், நீளமாத்தான் இருக்கே, இன்னும் கொஞ்சம் வெட்டலாமே என்றார். "மச்சான், இது பூசணிக்கா இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் முருகன் அவருக்கு மச்சான் ஆனார். அந்த மச்சானோடு வைகாசியில் ஒரு தகராறு வந்தது. டோல்கேட் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பவுனு மணலில் நன்றாக நடக்கத் தொடங்கியிருந்தது. லாடம் அடித்துக் கூட்டிப்போய்விடலாம், ஒரு தெருவுக்குத்தானே என்று முருகன் ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கும் உள்ளூர ஆசைதான். நாலு மாதமாகக் குதிரை சும்மா நிற்கிறது. சவரி அண்ணன் வந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிற்றைப் பிடித்துப் பவுனை சிமென்ட் ரோட்டுக்குக் கூட்டிவந்தார். நேராக நடத்தினார். நன்றாகத்தான் நடந்தது. சட்டென்று ஒரு சின்ன வட்டமாகத் திருப்பினார். பவுனு முன்னங்காலை ஊன்றமுடியாமல் துள்ளி, காதைப் பின்னால் மடித்தது.

"மச்சான், நீயே பாத்துக்கோ. முதுகுமேல மாப்ளய ஏத்திகினு, சுத்தி வெடி வெடிக்கிற தெருவுல, இத்த எப்டி திருப்புவ?"

பிறகு அவர் எங்கள் இரண்டு பேரையும் கீழே உட்காரவைத்து, குளம்பில் குறுக்காக ஓடுகிற ஒரு வரியைக் காட்டினார். வியாதி வந்த நாளில் விழுந்த வரி அது. அதற்கு மேலே வளர்வது புதுக் குளம்பு, எலும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. கீழே இருப்பது பிடி விட்ட பழசு. பழசு முழுக்கத் தரைக்கு வந்து சீவப்பட்டுப் போகவேண்டும். அந்த வரி தரையைத் தொடும்வரை இவளுக்குக் கல்யாணம் கிடையாது என்றார். அன்றிலிருந்து முருகனே வாரம் ஒருமுறை குனிந்து விரலால் அளப்பார். நாலு விரல், மூன்றரை, மூன்று.

அவர் தப்பே செய்யாதவர் என்று எழுதினால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆடி மாதம் ஒருநாள் ஏதோ ஒரு படகு கடலுக்குப் போக நிற்கிறது என்று அவசரமாக வந்தார். பத்து இழுப்புக் கணக்கை அன்றைக்கு மறந்தார். இடது முன்னங்காலில் முனையை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டார். மறுநாள் பவுனு அந்தக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. நான் பயந்துபோய், சோளம் ஏதாவது எங்கேயாவது கிடந்து தின்றதோ என்று கொட்டகை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். நான்தான் மறுபடி ஏதோ செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவர் வந்து பார்த்தார். முருகனைக் கூப்பிட்டார். "மச்சான், இது தங்கச்சி தப்பு இல்ல. என் கை. ஜாஸ்தி எடுத்துட்டேன்" என்றார். சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. மூன்று நாள் வேலைக்குப் போகுமுன் வந்து, மீன்பெட்டித் துண்டு கட்டி, பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நான் சோளத்தை மறைத்த கதையை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவர் முருகனிடம் பேசியதைக் கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அந்த மூன்று நாளில்தான் நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். குளம்புக்கு மேலே, கணுவுக்குப் பின்பக்கம், ஓரமாக இரண்டு விரலை வைக்கவேண்டும். அழுத்தக்கூடாது. வியாதி இருந்தால் அங்கே மத்தளம்போல அடிக்கும். நல்ல காலில் தேடினாலும் சரியாகக் கிடைக்காது. எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்றேன்.

"தெரியலன்னாதான்மா நல்லது. தெரிஞ்சா எனக்குப் போன் போடு."

அதிலிருந்து தினமும் காலையில் பல் விளக்கும் முன்னால் பவுனின் காலில் விரல் வைப்பேன். ஒன்றும் தெரியாவிட்டால்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

சாவுச் சேதி கேட்டு ராயபுரம் போனபோது, அவர் வீட்டு வாசலில் அவரை ஐஸ் பெட்டியில் படுக்கவைத்திருந்தார்கள். மாதா கோயிலுக்குத் தூக்குவதற்குமுன் பெட்டியைத் திறந்தார்கள். எல்லாரும் முகத்தைத் தொட்டார்கள், நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். எனக்குக் கால்மாட்டில்தான் இடம் கிடைத்தது. தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். என் இரண்டு விரல் தானாகக் கணுக்காலுக்குப் பின்னால் போய் நின்றது. அழுத்தாமல், அவர் சொன்ன மாதிரியே. ஒன்றும் தெரியவில்லை. கையை எடுக்கவே மனசு வரவில்லை. ஸ்டெல்லா வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அப்போதுதான் அழுதேன்.

அன்றைக்கு வரி தரைக்கு இரண்டு விரல் மேலே இருந்தது. சீவவேண்டிய நாள் தாண்டி மூன்று வாரம் ஓடிவிட்டது. முனை முன்னால் நீள ஆரம்பித்தது. முனை நீண்டால் ஒவ்வொரு அடிக்கும் குளம்பை நெம்பும், வளர்ந்த பிடியும் கிழியும் என்று அவர் சொல்லியிருந்தார். ஐப்பசி மழை வந்தால் கொட்டகையில் தண்ணீர் ஏறும், குளம்பு ஊறிப்போகும். எனக்குத் தூக்கம் போனது. ஸ்டெல்லா அவருடைய அரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கையில் வாங்கினேனே தவிர, பவுனின் காலில் வைக்கத் தைரியம் வரவில்லை.

கடைசியில் டாக்டர் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பண்ணையில் குளம்பு பார்க்கிற ஆளை ஏற்பாடு செய்தார். அந்த ஆள் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். பையைக் கீழே வைப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். சோளம் போட்டது நான், டாக்டரிடம் பொய் சொன்னது நான், ஆடியில் இடது காலில் அதிகமாகச் சீவப்பட்டது, அடிப்பாதத்தில் கத்தி வைத்ததில்லை, எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். இதற்குமுன் யார் பார்த்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். வேலையை ஆரம்பித்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து.

"காலை விட்ருங்க, சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. முருகன் என் கையைச் சுரண்டினார். நான் நகரவில்லை. அவர் காலை விட்டார். பவுனு உடம்பை மாற்றி நின்று, பெருமூச்சு விட்டது. அடுத்த பத்துக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவரே விட்டார். இரண்டு மணி நேரம் ஆனது.

அவர் சரியாகச் செய்தாரா, அதிகமாகச் சீவிவிட்டாரா என்று அன்று முழுக்க எனக்குத் தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை. போனை எடுத்து, சவரி அண்ணன் நம்பரைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, ஸ்டெல்லா கொடுத்த அரம் ஒன்று. பத்து என்கிற எண்ணிக்கை. தப்பு செய்தால் மற்றவர் தேடுவதற்குமுன் நான்தான் என்று சொல்லிவிடுகிற வாய், அது இன்னும் எனக்கு முழுசாகப் பழகவில்லை. அப்புறம் இந்த இரண்டு விரல்.

திங்கட்கிழமை காலையில் எழுந்ததும் கொட்டகைக்குப் போனேன். குனிந்து, முதலில் இடது காலில் வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினேன். வலது காலிலும் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை, அண்ணே. ரெண்டு கால்லயும் ஒண்ணும் தெரியல. போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.