ஆத்தா திருப்பி ஏற்றிய இலைக்கட்டு

நேற்று மகனோடு கம்பத்தில் ஓர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பார் புளித்த வாடை அடித்தது. சொல்லியும், பரிமாறுகிறவன் காதில் வாங்கவே இல்லை. அந்த வாடை எனக்குப் புதிதில்லை.

வெள்ளைக்காரன் காலம், எனக்கு எட்டு வயது. எங்கள் தோட்டத்து வாழையிலையை ஆத்தா மாட்டுவண்டியில் ஏற்றிவந்து, இதே ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இறக்குவாள். இலை இறக்குகிறவர்களுக்குக் கடைக்காரர் மதியச் சோறு போடவேண்டும், அதுதான் பேச்சு. அன்றைக்கு எங்களைக் கொல்லையில், எச்சில் இலை குவிந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். விடியலில் நாங்கள் அறுத்த இலை உள்ளே பச்சையாகக் கிடக்க, எங்களுக்குக் கிழிந்த வாடல் இலை. குழம்பில் நுரை. அத்தனை பசியிலும் நான் துப்பிவிட்டேன்.

"என்னங்க, ஊசிப்போன குழம்ப ஊத்தியிருக்கீக?" என்று கேட்டாள் ஆத்தா.

கடைக்காரர் சிரித்தார். "காட்டுல கெடக்குறவளுக்கு நாக்கு இம்புட்டு நீளமா? தின்னுட்டுக் கெளம்பு."

"உங்க வீட்டுப் பிள்ளைக்கு இதப் போடுவீகளா?"

ஆத்தா உள்ளே போய் இலைக்கட்டுகளைத் தூக்கிவந்து வண்டியில் எறிந்தாள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் வெறுந்தரையைப் பார்த்துக் கத்தினார்கள். கடைக்காரர் தெருமுக்கு வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எலைக்கு நான் எங்கன போவேன் ஆத்தா?"

"கையில வாங்கித் திங்கச் சொல்லுங்க" என்று மாட்டை விரட்டினாள்.

நேற்று ஓட்டலில், "விடுங்கம்மா" என்றான் மகன். நான் விடவில்லை. தட்டை எடுத்துப்போய் முதலாளி மேசையில் வைத்தேன்.

"ஒரு வாய் தின்னுங்க தம்பி. நான் நிக்கிறேன்."