பின்கதவில் இரண்டு தட்டு

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடுகிற ஜீப்பின் பின்கதவில் ஈரக் கை ஒன்று இரண்டு முறை அறைந்த சத்தம். பட், பட். அப்புறம் மழை மட்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதப் பிற்பகல் அது. ஜவ்வாது மலையில் எங்கள் சபை நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். டிரைவர் அண்ணன் வண்டியை ஓட்ட, மருந்து வாங்கப் போளூருக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். நிறுத்தாதீங்க என்று அவரிடம் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததே போதும்.

மலையில் ரோடு போகாத ஊர்களிலிருந்து நோயாளியைத் தூக்கிவர டோலிதான் வழி. நீளமான மூங்கில் கழியில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, ஆளை உள்ளே கிடத்தி, முன்னும் பின்னுமாகத் தோளில் சுமந்து வருவார்கள். வழியில் செத்துப்போனால் அதே டோலியில்தான் வீடு திரும்புவதும். உயிர் இருந்தால் முகம் திறந்திருக்கும், போய்விட்டால் மூடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் ஜீப்பில் பிணம் ஏற்றுவதில்லை. ஒரு தடவை ஏற்றினால் அப்புறம் எந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் அதில் காலெடுத்து வைக்கமாட்டாள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு இறங்கும் வழியில் ஒரு வளைவில் நாலு பேர் டோலியோடு நனைந்தபடி நின்றார்கள். முகத்தின்மேல் புடவை மூடியிருந்தது. டிரைவர் அண்ணன் பிரேக்கில் கால் வைத்தார். “பொணம்ணே, நிறுத்தாதீங்க” என்றேன். மழைக்காக மூடியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாவு என்றால் ஒருத்தராவது அழுதிருக்க வேண்டாமா? அதையும் யோசிக்கவில்லை. படித்த கழுதை நான்.

மறுநாள் காலை, டோலியில் இருந்த பெண்ணின் புருஷன், முந்தின நாள் பிறந்த பெண்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் நிற்கவே இல்லையாம். டோலியை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபோது அந்த வளைவிலேயே உயிர் போய்விட்டதாம். “மழைல வண்டிக்காரருக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காது” என்று அவரே எங்களுக்குச் சமாதானம் சொன்னார். நானும் டிரைவர் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் குழந்தைக்கு எடை பார்த்தேன்.

அடுத்த வாரமே டிரைவர் அண்ணன் அந்த வழக்கத்தை ஆரம்பித்தார். அந்த வளைவு வந்ததும் ஜீப்பை நிறுத்துவார். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம் மெதுவாகச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுப்பார். “இன்னாண்ணே இது?” என்று கேட்டால், “தட்டுறாங்கம்மா” என்பார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்று என்றேன், கொக்கி லூசாகிவிட்டது என்றேன். ஆனால் ஒருநாள் அவர் கதவைத் திறந்து பிடித்திருந்தபோது, யாரோ ஏறி உட்கார்ந்தது போல ஜீப்பின் பின்பக்கம் அமுங்கியது. அவர் இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியேதான் நின்றிருந்தார். உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை. சித்திரை மாத மத்தியானம். போளூர் போய்ச் சேர்ந்து பார்த்தால் பின்சீட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தண்ணீர் கேன் சிந்தியிருக்கும் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, துணியை எடுத்துத் துடைத்தேன். அன்று கேனையே நாங்கள் எடுத்துவரவில்லை.

கோயிலில் அவர் கடைசி பெஞ்சில் உட்காருவார். திருவிருந்துக்கு, அப்பமும் ரசமும் வாங்க, ஜனங்கள் எழுந்து முன்னே போகும்போது இவர் எழுந்து வெளியே போய்விடுவார். ஒன்றரை வருஷம் அப்படித்தான். நானோ ஒரு வாரம் தவறாமல் முன்னே போய் முழங்கால் போட்டேன். கிருபையால் மன்னிப்பு என்று ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவளும் நானேதான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அதற்கடுத்த பெரிய வெள்ளிக்கிழமை, மத்தியான ஆராதனை நடுவில் டிரைவர் அண்ணன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஈஸ்டர் அன்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து திருவிருந்துக்குப் போனார். திங்கட்கிழமை ஒண்டியாக மலை ஏறி அந்தப் புருஷனின் ஊருக்குப் போய், ஜீப்பை நிறுத்தாமல் போனது தான்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். “தீர்ப்பு ஆயிடுச்சும்மா” என்றார் என்னிடம். “குத்தம் இல்லேன்னு சொல்லல. குத்தம் குத்தமாத்தான் இருக்குது. அத சிலுவையில வேற ஒருத்தர் தூக்கிகினாரு. நான் இன்னா பண்ணேன் அதுக்கு? ஒண்ணும் பண்ணல. சும்மா குடுத்தாரு.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு உயிர் போயிருக்கிறது, அவ்வளவு சுலபமா என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “சுலபம் எனக்குத்தாம்மா. அவருக்கு இல்ல” என்றார்.

அந்த வாரம் வளைவில் அவர் ஜீப்பை நிறுத்தவில்லை. ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்தபடி கியரை மாற்றி இறங்கினார். அப்போதுதான் முதல்முதலாக எனக்குக் கேட்டது. பட், பட். என் முதுகுக்கு நேர் பின்னால். “கேட்டுதாண்ணே?” என்றேன். “இன்னாம்மா? ஒண்ணும் கேக்கலியே” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிடு என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த வழியில் எத்தனை தடவை போனேனோ, அத்தனை தடவையும் கேட்டது. வண்டி மாறியது, டிரைவர் மாறினார், பஸ்ஸில்கூடப் போய்ப் பார்த்தேன். கேட்டது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் டிரைவர் அண்ணன் கலசப்பாக்கத்தில் மகன் வீட்டில் இறந்துபோனார். பெட்டியை மூடுவதற்கு முன் வெள்ளைத்துணியை அவர் முகத்தின்மேல் இழுத்தார்கள். “மூடாதீங்க, மூடாதீங்க” என்று நான் போட்ட கூச்சலில் போதகரே பயந்துபோனார். இனி தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே மலைக்குப் பஸ் ஏறினேன்.

வளைவில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். பின்னால் ஈரக்காலடி கேட்டுக்கொண்டே வந்தது. நான் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் புருஷனின் வீட்டு வாசலில் நான் காலை வைத்ததும், அந்தக் காலடி என்னைத் தாண்டி உள்ளே போய் ஓய்ந்தது.

அவர் புளி உடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே சொன்னேன்: “அன்னிக்கு நிறுத்தாதீங்கன்னு சொன்னது நான்தாங்க. டிரைவர் நிறுத்தத்தான் பார்த்தாரு.”

“தெரியும் நர்சம்மா” என்றார். “தள்ளிப் போங்கன்னு ஜன்னலுக்கு வெளிய கைய ஆட்டினீங்களே, வாட்ச் கட்டின கை.” கையை ஆட்டியது எனக்கே மறந்துபோயிருந்தது. “டிரைவர் வந்து எல்லாம் நான்தான்னாரு. இல்லய்யா, அந்தம்மா கை தெரிஞ்சுதேன்னேன். அதையும் என் மேலயே போட்டுக்கங்கன்னு கால்ல வியுந்தாரு. சரின்னுட்டேன். அன்னிக்கே முடிஞ்சிபோச்சி. நீங்கதான் வர்ல.”

உள்ளேயிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பத்து வயதுப் பெண் வந்தாள். ஒருகாலத்தில் நான் எடை பார்த்த குழந்தை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யாருப்பா இவங்க?” என்றாள்.

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“உங்கம்மாவுக்கு வேண்டியவங்க” என்றார்.

சொம்பை வாங்கினேன். அவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரைக் குடித்தேன்.