ஜன்னலோர மேஜை யாருக்கு?

போன வாரம் அரியமங்கலத்திலிருந்து ஜெயந்தியின் போன். ‘‘அங்கிள், ஒரு தடவை நேர்ல வரீங்களா? போன்ல சொல்ற விஷயம் இல்ல...’’

என் ரிடையர்மென்ட் பணத்தில் ஒரு பகுதி அந்தப் பெண்ணின் கம்பெனியில்தான் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து உடனே பஸ் பிடித்தேன்.

ஜெயந்தி, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் பையன் முகுந்தனோடு இன்ஜினீயரிங் படித்தவள். மெமரி சிப்பை வெளியிலிருந்து வாங்கி, மெமரி கார்டாக்கி, சிசிடிவி கேமரா கடைகளுக்குக் கொடுக்கிறாள். போட்டிக்கு யார் தெரியுமா? சிப்பையும் தாங்களே செய்து, உலகம் பூராவும் விற்கும் ராட்சசக் கம்பெனிகள். அதில் ஒன்றில்தான், தைவானில், முகுந்தன் வேலை பார்க்கிறான்!

‘அப்புறம் ஏன் சார் இங்கே போட்டீங்க?’ என்பீர்கள். டிவிடெண்ட், வளர்ச்சி என்று என் மனைவியிடம் ஏதேதோ சொன்னேன். நம்பியது போல இருந்தாள். உண்மை வேறு. இந்தக் கம்பெனி வளர்ந்தால் நல்ல இன்ஜினீயர் தேவைப்படும். முகுந்தன் மாதிரி ஓர் ஆள்! பகலில் அரியமங்கலத்தில் வேலை, ராத்திரி ஸ்ரீரங்கத்தில் சாப்பாடு... தப்பான கணக்கா?

பணம் போட்ட அன்று மாடி அறையைக் காட்டினாள் ஜெயந்தி. ‘‘வளர்ந்ததும் டிசைன் டீம் இங்க உட்காரும் அங்கிள்.’’ ஜன்னலோரம் ஒரு மேஜை, நாற்காலி. அது யாருக்கு என்று நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பெரிய கம்பெனிகள் கார்டு விலையைக் குறைத்துவிட்டனவாம்.

‘‘கடைக்காரங்க நம்ம கார்டைக் கையில வாங்கிப் பார்க்கக்கூட மாட்டேங்கறாங்க. மாடியை யாருக்காவது குடோனா வாடகைக்கு விட்டாத்தான் மூச்சு விடலாம். நீங்க பணத்தை எடுத்துக்கறதுன்னாலும் சொல்லுங்க அங்கிள், எப்படியாவது கொடுத்துடறேன்’’ என்றாள்.

மாடிக்குப் போனேன். அங்கிருந்தே முகுந்தனுக்கு வீடியோ கால்.

‘‘அப்பா, பேசாம பணத்தை எடுத்துடு. எங்க கம்பெனியோட ஜெயந்தியால மோத முடியாது.’’

எங்க கம்பெனி! சுருக்கென்று தைத்தது. ‘எங்க வீடு’ என்று அவன் கடைசியாக எப்போது சொன்னான்? யோசித்துப் பார்த்தேன். ஞாபகமில்லை.

போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

‘‘அட, தூரத்துல தெரியறது மலைக்கோட்டையா? நல்ல ரூமா இருக்கே! யார் உட்கார்றா?’’

‘‘ஆள் வரணும்டா’’ என்றேன்.

அவன் பார்வை ஸ்க்ரீனை விட்டு விலகியது. ‘‘மீட்டிங் இருக்குப்பா’’ என்று வைத்துவிட்டான்.

பெற்றவர்களைப் போல மோசமான முதலீட்டாளர்கள் உலகத்தில் உண்டா? நஷ்டம் என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனாலும் கையை எடுக்க மனசு வராது. அவன் வாசலில் வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கு நான் ஏங்குகிறேன் என்பதை எந்த ஷேர் புரோக்கரிடம் போய்ச் சொல்ல?

கீழே இறங்கி வந்தேன். ஜெயந்தி எழுந்து நின்றாள்.

‘‘மாடியை வாடகைக்கு விட்டுடும்மா. பணம் இங்கயே இருக்கட்டும். அந்த மேஜை நாற்காலியை மட்டும் யாருக்கும் கொடுத்துடாத. கீழ கொண்டுவந்து ஜன்னல் பக்கமா போட்டு வை.’’

இருவரும் மாடிக்கு ஏறினோம். மேஜையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான். மூச்சு வாங்கியது!

ராட்சசக் கம்பெனிகளே... மார்க்கெட் முழுவதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் பையனை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!